சர்வர் நின்றிருந்த நேரம்

“ஒரே ஒரு ஆளோட பேருக்காக ஆஸ்பத்திரி சர்வரையே நிறுத்தணுமா சார்?” வாசலில் நின்றபடியே கேட்டார் மேனேஜரம்மா.

“ஓடிட்டிருக்கும்போது அந்தப் பதிவைத் தொட விடமாட்டேங்குது மேடம். மேலாக மாத்தினா, மறுநாளே பழைய பேரு வந்து உட்கார்ந்துக்குது. நிறுத்திட்டு உள்ளே போய் மாத்தினாதான் நிலைக்கும்” என்றார் சர்வர் இன்ஜினியர்.

பெயர், கிளை ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியனுடையது. ஆணாக வேலைக்குச் சேர்ந்து, பெண்ணாக மாறி, பெயரையும் முறைப்படி மாற்றிக்கொண்டவள். ஆனால் அவள் கம்ப்யூட்டரைத் திறந்தால் பழைய பெயர். யாருக்காவது போன் போட்டால் அங்கே திரையில் பழைய பெயர். ரிப்போர்ட்டின் அடியிலும் அதே. வாங்குகிறவர்கள் பெயரைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

“கெட்டிக்காரப் பொண்ணு. விட மனசில்லை. வீட்டோடயும் பேச்சுவார்த்தை கிடையாதாம், பாவம். சரி, நிறுத்துங்க. சட்டுனு முடிச்சிடுங்க.”

விடுமுறை நாள் காலை என்பதால் கூட்டமில்லை. சர்வர் நின்றது. இன்ஜினியர், பதிவுகள் இருந்த கோப்பைத் திறந்து, அந்தப் பெயரைத் தேடிப் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழிக்க ஆரம்பித்தார்.

“மொத்தமா அழிச்சிடலாமே சார்?”

“இருக்கட்டும் மேடம்.”

அழித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புதுப் பெயரை அடித்தார். சர்வரை ஓடவிட்டார்.

கிளம்பவில்லை.

மறுபடி முயன்றார். ம்ஹூம். அதற்குள் மேனேஜரம்மாவின் போன் அலற ஆரம்பித்தது. வார்டில் யாராலும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லையாம்.

“போச்சு! பழைய பேரையே போட்டுடுங்க சார். நம்ம ரெண்டு பேர் தலையும் உருளப் போகுது!”

“அந்தப் பேரை இனி என் கையால அடிக்க மாட்டேன் மேடம்!”

அதிர்ந்து பேசாத மனிதர். அவர் திரையில் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வரியின் தொடக்கத்தில், இருக்கக் கூடாத ஓர் இடைவெளி. நீக்கினார்.

சர்வர் உயிர் பெற்றது.

“அப்பாடா!” மேனேஜரம்மா நாற்காலியில் சாய்ந்தார். “அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, பேரு சரியா வருதான்னு கேட்டுடுங்க.”

“நீங்களே கேளுங்களேன் மேடம்.”

“நல்லா இருக்கே! பாடுபட்டது நீங்க, பேர் வாங்கறது நானா? போடுங்க போனை.”

தயங்கித் தயங்கி எண்களை அழுத்தினார்.

“லேப்” என்றது மறுமுனை.

அவர் அந்தப் புதுப் பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிட்டார்.

மறுமுனையில் உடைந்த குரல் கேட்டது:

“இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடுங்க, அப்பா.”