கழிவறை சொன்ன எண்

ஞானதிரவியத்தின் பிராஸ்டேட்டில் ஒரு சாதுவான புற்றுநோய் குடியிருந்தது. வெட்ட வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அந்த வேலையைச் சிறுநீரைச் சோதித்துச் சொல்லும் கழிவறைப் பீங்கானே பார்த்தது. தினமும் காலையில் அவர் முடித்ததும் புற்றின் அளவைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கும்: "நான்கு. பயமில்லை." அதற்கப்புறம்தான் மனைவி எஸ்தர் காப்பி போடுவாள்.

விருந்துக்கு வந்த அவள் அண்ணன் தவமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மூத்திரத்துக்கு மார்க் போடுற வீட்ட இப்பதான் பாக்கேன் மாப்ள! பேசாம அறுத்து எறியும்."

"ஆறு வருசமா அது ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல மச்சான்" என்றார் ஞானதிரவியம், விறைப்பாக.

மறுநாள் விடிந்ததும் பீங்கான் அலறியது: "முப்பத்தொன்று. உடனே மருத்துவரைப் பாருங்கள்."

எஸ்தர் பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "என்னங்க!" என்று கழிவறைக் கதவைத் தட்டினாள். ஞானதிரவியம் லுங்கியை இறுக்கிக்கொண்டே படுக்கையறையிலிருந்து வந்தார். "நான் இன்னும் போகவே இல்லையே."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து தவமணியின் குரல் வந்தது. "மாப்ள... இது சரியாத்தான் சொல்லுமா?"

ஞானதிரவியம் கதவில் கையை வைத்துக்கொண்டார்.

"சனியன், வாயத் தொறந்தா பொய்தான் மச்சான். வெளிய வாரும், முதல்ல காப்பி குடிப்போம்."