முதுகுச் சவாரி

வீடு மாற்றுகிறவர்களின் பீரோவை ஆறு மாடிக்குத் தனியாளாய் முதுகில் ஏற்றுகிறவர் அந்தச் சுமைதூக்கி. நடுவில் குட்டித் தூக்கம் வேறு போடுவார் என்பார்கள். ஏரிக்கரையில் கோடை விடுமுறையின் கடைசி நாளன்று, அவரிடம் மனைவி பந்தயம் கட்டினாள்.

“சின்னவன முதுகுல ஏத்திக்கிட்டு, ஏரி நடுவுல இருக்கிற அந்தப் பாறை வரைக்கும் நீந்தித் தொட்டுட்டு வாங்க. எறக்காம வந்தா இன்னும் ஒரு வாரம் இருக்கலாம். எறக்குனா இன்னிக்கே மூட்டை கட்டணும்.”

“விட்டுடாதப்பா!” என்று மூத்தவள் போட்ட கூச்சலில் வாத்துகளெல்லாம் குடும்பத்தோடு ஏரியைக் காலி செய்தன.

சின்னவன் தாவி ஏறினான். சுமைதூக்கி தண்ணீரைக் கடைந்துகொண்டு பாய்ந்தார். காற்றைச் சுமப்பதுபோல் அத்தனை லேசு! பாறையைத் தொட்டுத் திரும்பியபோதுதான் முதுகு கனத்தது.

“ஏரியையே குடிச்சிட்டியாடா, குண்டா?”

காதோரம் களுக்கென்று சிரிப்பு. பிஞ்சுக் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவர் இறக்கவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று, “ஜெயிச்சாச்சு! இன்னும் ஒரு வாரம்!” என்று கூவினார்.

கரையில் யாரும் கை தட்டவில்லை. மனைவி பெரிய துண்டோடு நின்றிருந்தாள். துண்டுக்குள்ளிருந்து சின்னவன் தலையை நீட்டினான்.

“நான் அப்பவே முழங்கால் தண்ணியில வழுக்கி விழுந்துட்டேன்ப்பா. கூப்பிடக் கூப்பிட நீ பாட்டுக்குப் போயிட்டே.”

சுமைதூக்கியின் கழுத்திலிருந்த ஈரக் கைகள் ஆசையாக இறுகின.

“அப்ப, ஒரு வாரம் இங்கயே இருக்கப்போறோமாப்பா?” என்று குதூகலமாகக் கேட்டது காதோரக் குரல்.