சஹானா வீட்டுப் பூனை

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றது சுண்டல்தான்.

பழுப்பு உடம்பு. பாதியில் அறுந்த வால். அந்த வாலுக்குத் தினமும் மருந்து போட்டவள் அவள். அடையாளம் தெரியாமல் போகுமா?

ஆனால் சுண்டல் பெரம்பூரில் இருக்க வேண்டும். சஹானா வீட்டில்.

அவள் மீன் தலை வாங்க வந்திருந்தாள், வீட்டில் இருக்கும் மற்ற பூனைகளுக்காக. தெருவில் வழக்கமாக வரும் மீன்காரர் இன்று வரவில்லை. அதனால்தான் இந்தப் பெரிய மார்க்கெட்டுக்கு வந்தாள்.

"சுண்டல்."

பூனை திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

முதலில் கோபம்தான் வந்தது. சஹானா வீட்டுக்காரர்கள் மேல். கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். பொறுப்பற்ற ஜென்மங்கள். காணவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? புருஷனிடம் சொல்லி அவர்களை நாலு கேள்வி கேட்க வேண்டும். அவனுடைய ஆபீஸ் நண்பரின் குடும்பம்தானே.

"உன்னுதா அது?" மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "நெறைய பேரு இங்கதான் கொணாந்து வுடுவாங்க. மீனு கெடைக்கும்ல, அதான். ஆனா இத வுட்டவரு நல்ல மனுசன். பைக்ல, நீலக் கூடைல எடுத்துனு வருவாரு. மஞ்சத் துப்பட்டா போட்டு மூடியிருக்கும். கால் கிலோ மத்தி வாங்கிப் போட்டு, அது துன்றத நின்னு பாத்துட்டுத்தான் போவாரு. இன்னிக்குக் காலைல கூட ஒண்ணு கொணாந்தாரு. வெள்ளையா."

மஞ்சள் துப்பட்டா அவளுடையது. இருட்டாக இருந்தால் பூனை பயப்படாது என்று அவளேதான் கூடையைச் சுற்றிக் கட்டிவிடுவாள்.

இன்று காலையிலும் கட்டினாள்.

புது வீட்டுக்குப் போன பூனையை வளர்த்தவர் போய்ப் பார்க்கக் கூடாது. பழைய வாசனை பட்டால் அது புது வீட்டில் ஒட்டாது. பூனைகளைக் காப்பாற்றி வீடு தேடிக் கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்வது இது. அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அதனால் அவள் ஒரு வீட்டையும் பார்த்ததில்லை.

புருஷன்தான் கொண்டுபோய் விட்டு, வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்வான்.

ஜன்னலில் வலை அடித்திருக்கிறார்களா? மொட்டை மாடிக் கதவைப் பூட்டுவார்களா? நாய் உண்டா? அவள் கேள்விகள் அவனுக்கு மனப்பாடம். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவான். இவனைப்போல் யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப்போவாள். வீடெல்லாம் பூனை முடி, மூத்திர நாற்றம். ஒரு நாளும் அவன் முகம் சுளித்ததில்லை.

சுளித்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். தாங்கியிருப்பாள்.

சஹானாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சுண்டலை மடியில் போட்டுக்கொண்டுதான் வாய்ப்பாடு படிப்பாள். சஹானாவின் பிறந்தநாளுக்கு இவள் ஒரு பாவாடை தைத்து அவனிடம் கொடுத்தனுப்பினாள். அளவு கச்சிதமாக இருந்ததாம். கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம்.

சஹானா என்று யாருமே இல்லை.

மீன் கழுவிய தண்ணீரில் நின்றுகொண்டு அவள் அழுதாள். சுண்டலுக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று தெரியவில்லை.

பிறகு வெள்ளைப் பூனையைத் தேடினாள். ரவா என்று பெயர். ஒரு கண் கிடையாது.

கடைசி வரிசையில், பலகைக்கு அடியில் இருந்தது. முன்னால் மத்தி மீன்கள் அப்படியே கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் உள்ளே ஒடுங்கியது. தரையோடு தரையாகப் படுத்து, பிடரியைப் பற்றி இழுத்தாள். கையெல்லாம் கீறிவிட்டது.

கீறட்டும். கூடையில் வைத்து, மூடிக் கட்டி அனுப்பியவள் அவள்தானே.

சுண்டலை மறுபடியும் பார்க்க முடியவில்லை. முன்பு அவன் கொண்டுவந்து விட்ட மற்ற பூனைகள் எங்கே என்று அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. "வண்டி வரும் போவும்மா" என்றாள். அதற்கு மேல் இவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தான். துப்பட்டா கொடியில் காய்ந்தது. அவள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரவாவுக்கு ரொம்ப நல்ல எடம்" என்றான்.

அண்ணா நகர். கீழ் வீடு. ரிட்டையர் ஆன வாத்தியாரும் மனைவியும் மட்டும்தான். ஜன்னலுக்கெல்லாம் வலை. நாய் கிடையாது. ஒரு கண் இல்லை என்றதும் அந்தம்மா இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாராம்.

"அப்புறம்?"

கட்டில் பக்கத்திலேயே மெத்தை போட்டிருக்கிறார்கள். பழைய கம்பளிச் சட்டையை வெட்டித் தைத்த மெத்தை. ரவா நேராகப் போய் அதில் சுருண்டுகொண்டது. சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தவன் போலவே இருந்தான்.

மடியில் பை லேசாக அசைந்தது.

வழியெல்லாம் கல்லாகக் கிடந்த ரவா, பைக்குள்ளேயே அவன் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. தினமும் சோறு வைத்த குரல். மெல்ல அதன் தொண்டைக்குள் கர்ரென்று அந்தச் சத்தம் கிளம்பியது. பயம் விட்டு, சுகமாக இருக்கும்போது மட்டும் வரும் சத்தம். விசிறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் தொடையில் அதிர்ந்தது.

பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.