விசிலுக்கு வராத நாய்

காலை ஐந்து நாற்பது. மாமல்லபுரம் கடற்கரையில் ஏசுபாதம் டைகரின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தள்ளிப்போய் நின்று விசிலடித்தார். நாய் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் மனைவி செங்கம்மாளிடம் ஓடியது.

அவள் சிரித்தாள். "ரெண்டு மாசமா பழக்குற. நீ கூப்ட்டா வருதா பாரு. கல்லு செதுக்குற ஆளுக்கு நாய் வேலை எதுக்குய்யா?"

"நீ கை தட்டு. பிஸ்கட்டு குடு."

"மொத்த பிஸ்கட்டையும் எங்கிட்ட குடுத்துட்டா, உங்கிட்ட எப்டி வரும்?"

அவர் மறுபடி விசிலடித்தார். பாதியில் இருமல் வந்து விசில் நின்றது. டைகர் அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தது.

"உன்ன மறந்தே பூட்ச்சுய்யா, பாவம்."

"மறக்கட்டும்."

"இன்னாது?"

ஏசுபாதம் கயிற்றைச் சுருட்டினார். "எங்க அண்ணன் செத்தப்போ அவரு நாயி கல்லறைலயே படுத்துக்கினு, சோறு திங்காம செத்துச்சே. ஞாபகம் கீதுல்ல?"

அவள் கையிலிருந்த பிஸ்கட் மணலில் விழுந்தது.

"யோவ், செங்கல்பட்டு டாக்டரு வெறும் சளின்னு சொன்னார்னுதானே எங்கிட்ட சொன்ன?"