கேட்டுக்கு இந்தப் பக்கம்

"இன்னும் ஒரு தடவை ஹாரன் அடி" என்றார் வெண்டல்.

"நாலு தடவை அடிச்சாச்சு. அது ரயிலு. மாடு இல்ல" என்றார் அவர் மனைவி லோர்னா. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

கார் ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றது. கேட்டுக்கு அப்பால் சரக்கு ரயில் நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதன் முடிவு தெரியவில்லை. ஊரில் இருந்த மூன்று கேட்டுகளையும் அடைத்துக்கொண்டிருந்தது.

ரயிலுக்குப் பின்னால், நடக்கிற தூரத்தில், ஸ்டேஷன். பத்து மணிக்கு அங்கிருந்து முதல் பயணிகள் ரயில் கிளம்புகிறது. அறுபது வருடமாக அந்தத் தடத்தில் சரக்கு மட்டும்தான் போனது. மனிதர்களும் போகட்டும் என்று சரக்கு ரயில் கம்பெனியைச் சம்மதிக்க வைக்க, மாவட்டப் போக்குவரத்து ஆணையத்தின் வக்கீல் வெண்டல் க்ராஸுக்கு ஒன்பது வருடம் ஆனது. முதல் பெட்டியில் ஜன்னலோரம் அவர் பெயர் ஒட்டிய இருக்கை இருந்தது. நாளை முதல் அவருக்கு ஓய்வு.

மணி ஒன்பதே முக்கால்.

"வேணும்னே நிறுத்தியிருக்காங்க. இன்னிக்குப் பாத்து" என்றார் வெண்டல். "தோத்துட்ட கடுப்பு."

"யாருக்கு? சோளத்துக்கா?"

எதிரில் நின்ற பெட்டியில் ஒஹாயோ சோளம் என்று எழுதியிருந்தது.

"கம்பெனிக்கு. ஒன்பது வருஷமா என்னை இப்படித்தான் காக்க வெச்சாங்க. ஆபீஸ் வாசல்ல, கோர்ட்டு வாசல்ல. இப்ப நடுரோட்டுல."

"நீ ஒழுங்கா ஒரே டை கட்டியிருந்தா இந்நேரம் ஸ்டேஷன்ல காபி குடிச்சிட்டிருப்போம். மூணு டை மாத்தின."

வெண்டல் டையைத் தடவிக்கொண்டார். அதில் குட்டி குட்டியாக எஞ்சின்கள் இருந்தன.

"போட்டோ எடுப்பாங்க லோர்னா. நூறு வருஷம் சுவத்துல தொங்கும்."

"போட்டோவுல உன் தலையும் விழும். அதுக்கு மாத்து இல்ல."

"வேலைய ஆரம்பிச்சப்ப அதுல முடி இருந்தது. ஒப்பந்தத்துல பிரிவுக்கு ஒண்ணு, உட்பிரிவுக்கு ஒண்ணுன்னு போயிடுச்சு. ரயில் வரல. வழுக்கைதான் வந்துது."

"இன்னிக்கு ரயிலும் வருதே."

"வருது. நான்தான் போகல."

லோர்னா பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். "பூந்து போயிடேன். எங்க வீட்டுக்காரர் வக்கீல்னு போலீஸ்கிட்ட நான் பேசிக்கறேன்."

வெண்டல் கேட்டுக் கம்பத்தைக் காட்டினார். அதில் ஒரு மஞ்சள் பலகை.

நிற்கும் ரயிலுக்கு நடுவே நுழையாதீர். பொறுத்தவர் வீடு சேர்வார்.

"நான் எழுதினது" என்றார். "ரெண்டாவது வரிக்கு ஆறு மாசம் சண்டை போட்டேன்."

"ஜெயிச்சிருக்க" என்றார் லோர்னா. டோனட் பெட்டியைத் திறந்து அவர் மடியில் வைத்தார். "சாப்பிடு."

வெண்டல் சாப்பிடவில்லை. போனை எடுத்து டார்லீன் பெட்ராஸ்கியைக் கூப்பிட்டார். கம்பெனியின் வக்கீல். ஒன்பது வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். லோர்னாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க வெண்டல்? நான் ரயில்ல ஏறிட்டேன். உங்க சீட்டுல உங்க பேரு மட்டும் தனியா உக்காந்திருக்கு."

"மில் ரோடு கேட்டுல, உங்க சோளத்துக்கு முன்னால. எடுக்கச் சொல்லுங்க அதை."



"முடியாதே" என்றார் டார்லீன்.

"ஒரு போன் போட்டா முடியும் உங்களால."

"முடியும். அது ஒரு அடி நகந்தாலும் நீங்க என் மேல கேஸு போடுவீங்க."

"நகரலைன்னாதான் போடுவேன். நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்."

"நாளைக்குக் காலையில முதல் வேலை பாத்திரம் கழுவறது" என்றார் லோர்னா.

டார்லீன் சிரித்தார். வெண்டல் குரலைத் தணித்தார். "சரி, உங்க ரயில் நிக்கட்டும். எங்க ரயில பத்து நிமிஷம் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. ப்ளீஸ்."

"கேக்கறேன். ஆனா மேயர் ஏறி உக்காந்துட்டாரு. மேயருக்காக ரயில் நிக்கும். வக்கீலுக்காக நிக்குமா?"

"நிக்காது. ரயிலைப் பத்தி நானூறு பக்கம் ஒப்பந்தம் எழுதினவனுக்கு, ரயில் ஏற பத்து நிமிஷம் கிடைக்காது."

"முழுசாப் படிச்சது நாம ரெண்டு பேருதான் வெண்டல்."

"என்னைச் சேக்காதீங்க. பாதியில எனக்கே தூக்கம் வந்துடுச்சு."

லோர்னா ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தார். மணி பத்து. போனில் விசில் கேட்டது. பிறகு அதே விசில் வெளியிலும் கேட்டது.

வெண்டல் போனோடு கதவைத் திறந்து இறங்கினார். கேட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரக்கு ரயிலுக்கு அந்தப் பக்கத் தண்டவாளத்தில் நீல நிறப் பெட்டிகள் போயின. சோளப் பெட்டிகளின் இடைவெளியில் துண்டு துண்டாகத் தெரிந்தன. ஒரு ஜன்னல். ஒரு தொப்பி. ஆட்டிய ஒரு கை. அவரும் கையைத் தூக்கினார். அதற்குள் ரயில் போய்விட்டது.

"உங்களைப் பாத்தேன்" என்றது போன். "டை நல்லாயிருக்கு."

எதிரில் சரக்கு ரயில் ஒரு குலுங்கு குலுங்கியது. மெல்ல நகர ஆரம்பித்தது.

"இப்ப மட்டும் எப்படி நகருது?" என்றார் வெண்டல்.

"பயணிகள் ரயில் கிளம்பறதுக்கு அரை மணி முன்னாலயே சரக்கு ரயில் எங்க இருக்கோ அங்கேயே நிக்கணும், அது தாண்டினப்புறம்தான் அசையணும்னு எழுதி வாங்கினது நீங்கதானே" என்றார் டார்லீன். "அப்ப கேட்டுல மாட்டிக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். சீக்கிரமா வீட்டை விட்டுக் கிளம்பட்டும்னு சொன்னீங்க."