மாமனார் வீட்டுக் குழாய்

"அம்மாடி, மாப்பிள்ளை வீட்லதானே சும்மா உக்காந்திருக்காரு? சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது. உடனே அனுப்பி வை."

அப்பா போனில் இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"போன வாரம்தானேப்பா வந்து சரி பண்ணிக் கொடுத்தார்?"

"அது குளியலறைக் குழாய். அதுக்கு முந்தி வாசல் குழாய். ப்ளம்பர் மாப்பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எதுக்கு வெளியாளைத் தேடணும்?"

ப்ளம்பர் மாப்பிள்ளையாம்! குத்திக் காட்டாவிட்டால் அப்பாவுக்குப் பொழுதே போகாது.

அவள் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஆபீசில் டை கட்டி உட்கார்ந்திருந்தவர். ஆபீசை மூடிவிட்டார்கள். ஊரிலுள்ள ஆபீஸ் படியெல்லாம் ஏறி இறங்கியதில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். "எனக்குப் பிடிச்ச வேலை இதுதான்" என்று கடைசியில் குழாய் வேலை கற்றுக்கொண்டார். பை வாங்கினார், ரெஞ்ச் வாங்கினார், வாசலில் போர்டும் மாட்டினார். கூப்பிடத்தான் ஆளில்லை. புது ஆளை நம்பி யார் சுவரை உடைக்க விடுவார்கள்?

இந்த மாதமும் இப்படியே போனால், அவளையும் குழந்தையையும் இங்கே விட்டுவிட்டு எங்கேயோ தூரத்தில் ஒரு கிடங்கு வேலைக்குப் போகப் போகிறாராம்.

இதில் அப்பா வேறு.

அன்றைக்கு அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். அவர் சிங்குக்கு அடியில் புகுந்ததுதான் தாமதம், அப்பா வாசலுக்கு ஓடிப்போய் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கையோடு இழுத்து வந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க! எங்க மாப்பிள்ளை படுத்திருக்கற அழகைப் பாருங்க. ஏசி ரூம்ல ஃபைல் புரட்டின மனுஷன்!"

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன.

"காலைப் பார்த்தா இன்னும் ஆபீசர் மாதிரிதான் இருக்கு" என்றார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமா, டார்ச்சைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க" என்று சிங்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு முதுகு பிடிச்சுக்கும்ப்பா. சார், நீங்க பிடிங்க. நல்லா உள்ளே குனிஞ்சு பிடிங்க."

பாவம், மருந்துக்கடைக்காரர் வேலை முடிகிறவரை முட்டி போட்டுக்கொண்டு டார்ச் பிடித்தார்.

முடித்ததும் வீட்டுக்காரர் தரையைக்கூட ஈரமில்லாமல் துடைத்துவிட்டு எழுந்தார். அப்பா குழாயைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார்.

"ம்ம்... எத்தனை நாளைக்குத் தாங்குதுன்னு பார்ப்போம்."

ஒரு நல்ல வார்த்தை? கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதாங்க? ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டறார், நீங்களும் சிரிச்சுக்கிட்டே வர்றீங்க! இனி அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. நானே அப்பாகிட்ட நறுக்குனு கேட்டுடறேன்."

அவள் போனை எடுப்பதற்குள் அவர் போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர்.

"தம்பி, கடைக்குப் பின்னாடி பாத்ரூம் ஒண்ணு கட்டறேன். பைப் வேலை பூரா நீங்களே செஞ்சு குடுத்துடுங்க. உங்க வேலையைத்தான் கிட்ட இருந்து பார்த்தேனே! மாடி வீட்டு டீச்சரும் உங்க நம்பர் கேட்டாங்க. போன வாரம் குளியலறைக் குழாயை நீங்க மாட்டினதை உங்க மாமனார் அவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாராமே?"

போனை வைத்தபோது அவர் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. கிடங்கு வேலைக்கு இனி அவசரமில்லை.

அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

"ஏதோ நம்ம நல்ல நேரம். அதுக்காக அப்பா பண்ணது சரியாயிடுமா? நான் பேசத்தான் போறேன்."

"பேசு, பேசு. பேசறப்போ மறக்காம ஒண்ணு சொல்லிடு" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"என்ன?"

"அடுத்த தடவை குழாயைக் கழட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு நல்ல ஸ்பேனர் வாங்கிக்கச் சொல்லு. துருப்பிடிச்ச பிளேயரை வச்சே திருகித் திருகி, நல்லா இருந்த நட்டையெல்லாம் மொட்டையாக்கி வச்சிருக்கார், பாவம்!"