வெள்ளை வீட்டுப் படம்

“அவ்வளவு பெரிய வீடு வைச்சிருந்தவன், என்னை ஒருக்காலும் கூப்பிடேல்லை. நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

வீட்டுக்கார அம்மா, சிஞோரா நூன்சியா, பேனாவைத் தள்ளிவிட்டாள். இத்தாலியின் பலெர்மோ நகரில், இந்தப் பழைய வீட்டில், பதினொரு வருடமாக அவளைப் பராமரிக்கும் விமலராணிக்குச் சிசிலியப் பேச்சும் காதில் தமிழாகவே விழும்.

மேசையில் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதம் கிடந்தது. சிஞோராவின் அண்ணன் கார்மேலோ அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இறந்துவிட்டார். தன் சாம்பலைத் தாய் தகப்பனின் கல்லறையில் வைக்கவேண்டும் என்பது கடைசி ஆசை. தங்கை இன்றைக்குள் சம்மதிக்காவிட்டால், அங்கேயே பெயரில்லாத குழியொன்றில் போட்டுவிடுவார்கள்.

“செத்த மனுசனோடை என்ன கோவம், சிஞோரா? பாவம்.”

“பாவமோ? படத்தைப் பார்.”

அறுபது வருடத்துக்கு மேலாகச் சுவரில் தொங்கும் படம். வெள்ளை வீடு. வாசலில் படகு போல நீண்ட கார். அதில் சாய்ந்து சிரிக்கும் கார்மேலோ.

“இதைக் கண்டாப்பிறகு, டிக்கெட் வரும் வரும் எண்டு இருந்தன். கடைசியிலை நாப்பது வயசிலை இந்த வீட்டுக் கிழவனைக் கட்டினன். வீட்டிலை பதினாலு அறை, வாயிலை ஒரு பல்லில்லை.”

விமலராணியின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“ஆர்?”

“தங்கச்சி. கிளிநொச்சியிலை இருந்து.”

“எடன்.”

“பிறகு கதைப்பம்.” படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள். “டயருக்குப் பின்னாலை பாருங்கோ. வாளி கிடக்கு.”

“கிடக்கட்டும். தன்ரை காரைக் கழுவியிருப்பான்.”

“அப்பிடியெண்டால் ஏன் ஒளிச்சு வைக்கிறார்? கார் அவற்றை இல்லை, சிஞோரா. வீடும் இல்லை. அங்கை வேலைக்கு நிண்டிருக்கிறார்.”

“உனக்கெப்பிடித் தெரியும்? நீ அமெரிக்காவைக் கண்டனியோ?”

விமலராணி பேனாவைப் பார்த்தாள். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. ஆனாலும் போனைத் தடவி, ஒரு படத்தை எடுத்துச் சிஞோராவின் கையில் வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் தங்கைக்கு அனுப்பிய படம். சிஞோராவின் சிவப்பு வெல்வெட் நாற்காலியில், பட்டுச்சேலையோடு, கால்மேல் கால் போட்டு இருந்தாள் விமலராணி. நாற்காலிக்குப் பின்னால், நிலம் துடைக்கும் தடியின் நுனி தெரிந்தது.